புகைக் கணக்கு

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது அவனைக் கூப்பிடுகிறார்கள். பத்திரம் எழுதும்போது கூப்பிடுகிறார்கள். பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்கிறார்கள். சொன்னபடி நடக்கிறார்களா என்பது வேறு விஷயம். ஆனால் லாரி வாங்க ஒருவர் என்னிடம் யோசனை கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கேட்டவர் என் தங்கையின் கணவர். வடலூரில் இருக்கிறார்.

வடலூர் என்றதும் உங்களுக்கு வள்ளலாரின் ஞாபகம் வரும். 1867-ல் அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னையிலிருந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகிற சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் போகிற சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன. பக்கத்திலேயே நெய்வேலி. 1956-ல் அங்கே நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. 1962-ல் முதல் மின்சாரம் வந்தது. பழுப்பு நிலக்கரியை எரித்தால் மின்சாரம் வரும், சாம்பலும் வரும். மின்சாரம் கம்பியில் ஏறிப் போய்விடுகிறது. சாம்பல் லாரியில் ஏறிப் போகிறது. அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு அந்தச் சாம்பல் வேண்டும். ஆகவே வடலூர் நாற்சந்தியில் நின்றால், படுத்த குப்பியைப் போன்ற பெரிய பெரிய பல்கர் வண்டிகள் ராப்பகலாகப் போவதையும் வருவதையும் பார்க்கலாம்.

மாப்பிள்ளையிடம் பழைய டாரஸ் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் பத்துச் சக்கரம் வைத்த வண்டி எல்லாமே டாரஸ்தான். எந்தக் கம்பெனி செய்தது என்று யாரும் பார்ப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு செங்கல், ஜல்லி என்று பத்து வருஷம் ஓட்டிவிட்டார். இப்போது சாம்பல் ஏற்ற ஒரு வாய்ப்பு வந்தது. நாளுக்கு ஒரு நடை நிச்சயம். பின்னால் மாட்டுகிற பல்கர் ஒரு சிநேகிதரிடம் மலிவாகக் கிடைத்தது. அதை இழுக்கிற முன்வண்டி ஒன்றுதான் வாங்க வேண்டும்.

நாமக்கல்லில் ஒரு பழைய வண்டி விலைக்கு இருந்தது. 2016-ல் செய்தது. "யூரியா ஊத்த வேணாம், மச்சான். கம்ப்யூட்டர் தொல்லையும் இல்ல. எந்த மெக்கானிக் வேணும்னாலும் கை வைக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. மற்றொன்று, ஷோரூமில் நிற்கிற புது வண்டி. விலை இரண்டரை மடங்கு. பழையதை வாங்குவதானால் தங்கையின் நகைகள் போதும். புதியதை வாங்குவதானால் நகைகளோடு வீட்டுப் பத்திரமும் அடகுக்குப் போக வேண்டும்.

டீக்கடையில் ஒரே குரலில் பழைய வண்டிக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள். புது வண்டியைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டால் பேய்க்கதை தோற்றுப் போகும். யூரியா தீர்ந்தால் நடுரோட்டில் இழுக்காதாம். ஒரு மஞ்சள் விளக்கு எரியுமாம். அப்புறம் சிவப்பு விளக்காம். அதை அணைக்க வருகிறவனுக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டுமாம். புது வண்டியோடு வந்த புத்தகத்தை மாப்பிள்ளை என் கையில் கொடுத்து, "நீங்க படிச்சுச் சொல்லுங்க, மச்சான்" என்றார். நானும் இரண்டு வருஷம் கல்லூரியில் ரசாயனம் படித்தவன் அல்லவா? படித்தேன்.

விஷயம் அப்படி ஒன்றும் பூதமல்ல. டீசல் எஞ்சினிலிருந்து இரண்டு வகை அழுக்கு வருகிறது. ஒன்று, கண்ணுக்குத் தெரிகிற கரி. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். மிகவும் சாதுவான வாயு. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கிற சூட்டில் அந்தச் சாதுவும் மிரண்டுபோய் ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொள்கிறது. சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். இங்கே நெஞ்சு கொள்ளாது. இதில் பெரிய தர்மசங்கடம் என்னவென்றால், சூட்டைக் குறைத்தால் வாயு குறைந்து கரி கூடும். சூட்டை ஏற்றினால் கரி குறைந்து வாயு கூடும். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளையின் நிலைதான் எஞ்சின் செய்கிறவனுக்கு.

அதனால் எஞ்சினை விட்டு வெளியே வந்த புகையை வழியிலேயே மடக்கிச் சுத்தம் செய்வது என்று முடிவு கட்டினார்கள். கரிக்கு ஒரு வடிகட்டி. தேன்கூடு போலக் கண்கண்ணாக இருக்கும் பீங்கான் உருளை அது. ஒரு கண்ணின் வாயைத் திறந்து அடியை மூடியிருப்பார்கள். பக்கத்துக் கண்ணின் வாயை மூடி அடியைத் திறந்திருப்பார்கள். புகை உள்ளே போய், சுவரில் கசிந்து, அடுத்த கண் வழியாக வெளியே வர வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அதே ஜாதிப் பொருள் லாரியின் வயிற்றுக்குள் மூக்குத்துணியாக உட்கார்ந்திருப்பது வேடிக்கையாக இருந்தது.

வாயுவுக்குத்தான் யூரியா. நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி 67.5 பங்கு உப்பு நீக்கிய தண்ணீர். அதைச் சூடான புகையில் பீச்சினால் அமோனியாவாக மாறும். அந்த அமோனியா ஒரு கிரியாஊக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்ஸைடைச் சந்தித்து, இரண்டும் சேர்ந்து வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் போய்விடும். மிரண்ட சாது மறுபடி சாது ஆகிவிடுகிறது. நெய்வேலிக்காரர்களுக்கு யூரியா புதிதல்ல. ஒரு காலத்தில் அங்கேயே உரத் தொழிற்சாலை இருந்து யூரியா செய்தது. வயலுக்குப் போட்டதை இப்போது புகைக்கும் போடுகிறார்கள். ஆனால் வயலுக்குப் போடுகிற யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், அதில் இருக்கும் உப்பும் கசடும் பீச்சுங்குழலை அடைத்து, கிரியாஊக்கியையும் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் லட்சத்தில் செலவு வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இதெல்லாம் யாருடைய கட்டளையால் வந்தது? நாடு முழுவதும் பி.எஸ். நான்கு என்ற விதி 2017 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. பழைய விதிப்படி செய்து கையில் வைத்திருந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை விற்கக் கூடாது என்று அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29-ல், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நான்காம் விதிக்கு அசோக் லேலண்ட் கம்பெனி யூரியா இல்லாமல், கழிவுப் புகையிலேயே ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் முறையைக் கையாண்டது. யூரியா இல்லாத வண்டி என்பது எங்கள் லாரிக்காரர்கள் நாக்கில் ருசியாக ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஐந்தாம் விதியைத் தாண்டி நேரே ஆறாம் விதிக்குப் போவது என்று அரசாங்கம் தீர்மானித்தபோது அந்தச் சௌகரியம் போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். ஆறு. கனரக எஞ்சின் ஒரு யூனிட் வேலை செய்யும்போது விடலாம் என்று இருந்த நைட்ரஜன் ஆக்ஸைடு 3.5 கிராமிலிருந்து 0.46 கிராமாக இறங்கியது. டீசலில் இருக்கலாம் என்றிருந்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காயிற்று. கனரக லாரி என்றால் இன்று எந்தக் கம்பெனிக் கதவைத் தட்டினாலும் பீங்கான் வடிகட்டியும் யூரியாத் தொட்டியும் இருக்கும். ஆகவே புது வண்டியில் 'யூரியா வேண்டுமா வேண்டாமா' என்ற கேள்விக்கே இடமில்லை.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? புத்தகத்தைப் படித்த பிறகு, ஷோரூம்காரரிடம் குதிரைசக்தியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையின் ஒரு நாளைப் பற்றி அவரிடமே கேட்டேன். விடியற்காலையில் சாம்பல் ஏற்ற வரிசையில் நிற்பார். சில நாள் ஒரு மணி, சில நாள் நாலு மணி. எஞ்சினை நிறுத்தாமலே தவளை போல நகர வேண்டும். பிறகு அரியலூர்ப் பயணம். அங்கே மறுபடி வரிசை. சாம்பலை இறக்குவது காற்றழுத்தத்தால். அவருக்குக் கிடைத்த பல்கரில் அந்தக் காற்றுயந்திரத்தைச் சுற்றுவதும் லாரியின் எஞ்சின்தான். ஆக வண்டி நின்றுகொண்டிருக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். கிலோமீட்டர்க் கணக்கைப் பார்த்தால் வண்டி சும்மா இருந்தது போலத் தோன்றும். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், பீங்கான் கண்களில் தங்கிய கரியை அப்போதைக்கப்போது எரித்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு மணிக்கணக்காக ஓடும் வண்டிக்கு அந்தக் கவலை குறைவு. புகையின் சூட்டிலேயே கரி எரிந்து போகும். வரிசையில் நின்று புகைகிற வண்டிக்குச் சூடு ஏறாது. கரி சேர்ந்துகொண்டே போகும். அப்போது வண்டியே கொஞ்சம் அதிகப்படி டீசலை உபயோகித்து, வடிகட்டியை 600 டிகிரி வரை காய்ச்சிக் கரியை எரிக்கும். அந்த நேரத்தில் டிரைவர் அவசரப்பட்டு எஞ்சினை நிறுத்தினால் காரியம் பாதியில் நிற்கும். நாலு தடவை அப்படி நிறுத்தினால் டீக்கடையில் சொன்ன மஞ்சள் விளக்கு வந்து நிற்கும். அந்தச் சுத்திகரிப்பு நடக்கும்போது கரும்புச் சோகையின் மேலோ வைக்கோல் போரின் பக்கத்திலோ வண்டியை நிறுத்தக் கூடாது என்பதும் எங்கள் பக்கத்து டிரைவர்கள் அறிந்திருக்க வேண்டிய சமாசாரம்.

கரி எரிந்தாலும் எஞ்சின் எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது லட்சக்கணக்கான கிலோமீட்டரில் மெல்ல மெல்லச் சேரும். ஒரு நாள் வடிகட்டியைக் கழற்றி ஊதித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் சாம்பல் குறைவான எண்ணெய் என்று தனியாக விற்கிறார்கள். சாம்பல் ஏற்றுகிற வண்டி தன் வயிற்றிலும் கொஞ்சம் சாம்பல் சுமக்கிறது என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "அந்த எண்ணெய் என்ன விலை, மச்சான்?" என்றுதான் கேட்டார்.

யூரியாக் கரைசல் டீசலில் நூற்றுக்கு மூன்று முதல் ஆறு பங்கு வரை செலவாகும். குளிர்தேசத்தில் அது உறைந்துவிடுமே என்று கவலைப்படுகிறார்கள். பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறையும். வடலூரில் அந்தக் கவலை எதற்கு? இங்கே பயம் வெயிலிடம். 25 டிகிரியில் ஒன்றரை வருஷம் கெடாமல் இருப்பது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். தகரக் கொட்டகையில் மொத்தமாக வாங்கி அடுக்கி வைப்பது சிக்கனமல்ல என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டோம். விளக்கு எரிந்தால் கம்பெனி ஆள் எங்கிருந்து வருவான், எத்தனை மணியில் வருவான் என்று மூன்று ஷோரூம்களில் கேட்டோம். இரண்டு இடத்தில் வாய்நிறையச் சொன்னார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் எழுதிக் கொடுத்தார்கள். குதிரைசக்தி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் எழுதிக் கொடுத்தவரிடமே வாங்கலாம் என்று என் அபிப்பிராயத்தைச் சொன்னேன்.

இதற்கிடையில் ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தார். கெட்டிக்காரர். அவர் மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார். புது வண்டியையே வாங்கலாம்; உத்தரவாதக் காலம் முடிந்ததும் வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு, யூரியா போய்க்கொண்டுதான் இருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும் ஒரு சிறு பெட்டியை மாட்டிவிடலாம். செலவு ஒரு தடவைதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் கம்பெனியே பரிசோதனையின்போது ஒழுங்காகவும் சாலையில் வேறுவிதமாகவும் நடக்கும்படி கார்களுக்குச் சொல்லிக் கொடுத்து 2015-ல் அகப்பட்டுக்கொண்டது.

மாப்பிள்ளைக்குச் சபலம் தட்டியது. மறைக்க வேண்டியதில்லை, கடன் வாங்குகிறவனுக்குச் சபலம் தட்டாமல் இருக்குமா? அப்போது, அதுவரை வாய் திறக்காமல் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்த என் தங்கை கேட்டாள்: "அந்தக் கரி வண்டிக்குள்ள நிக்கலேன்னா எங்கேண்ணே போவும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவள் வீடு சாலையைப் பார்த்த வீடு. காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரல் கறுத்துவிடும். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை மடித்து வைக்குமுன் ஒரு தடவை உதற வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் தீர்மானமாக அறிவித்தது. அந்தச் செய்தி அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கரி எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். தினமும் அவள்தான் துடைக்கிறாள்.

"நகையும் என்னது, வீட்டுல பாதியும் என்னது. புதுசையே வாங்குங்க. பொய்ப்பெட்டி வேணாம்" என்றாள். விவகாரம் அதோடு முடிந்தது.

அவள் சொன்னது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இத்தனை காலமும் லாரிக்காரர் புகையை இனாமாக ஊரின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தார். ஊர் அதை இருமலாகவும் ஆஸ்பத்திரிச் செலவாகவும் கட்டிக்கொண்டிருந்தது. புது வண்டி அந்தக் கடனைச் செய்தவர் பேரிலேயே எழுதுகிறது. அது சரி. ஆனால் அதைச் செய்தவர் லாரிக்காரர் மட்டும்தானா என்று கேட்டால், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

சிமெண்டு வாங்கி வீடு கட்டுகிறவர் யார்? மின்சாரத்தில் விசிறி சுற்றி உட்கார்ந்திருப்பவர் யார்? நீங்களும் நானும்தான். ஆனால் சாம்பல் ஏற்ற வாடகை பேசும்போது, புகை கக்குகிற வண்டிக்கும் புகை அடக்கிய வண்டிக்கும் டன்னுக்கு ஒரே கூலி. நூறு வண்டி வைத்திருக்கிறவர் யூரியாவை மொத்த விலையில் வாங்குவார். சொந்தமாக மெக்கானிக் வைத்துக்கொள்வார். ஒரு வண்டி படுத்தால் இன்னொன்று ஓடும். ஒற்றை வண்டிக்காரருக்கு ஒரு விளக்கு எரிந்தால் அன்றைய நடை போச்சு, மாதத் தவணையில் ஒரு துண்டு விழுந்தது. 2021 அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது தென்கொரியாவில் லாரிகள் யூரியாக் கரைசலுக்காக வரிசையில் நின்றன. அதற்கு முன்பு, அதைச் சேமித்து வைக்க வேண்டும் என்று அங்கே எந்த லாரிக்காரருக்குத் தோன்றியிருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளுக்கும் 2015 டிசம்பரில் புது விதி போட்டார்கள். கந்தகப் புகையை அடக்கும் சாதனத்தை இரண்டு வருஷத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். பிறகு வாய்தா, மறுபடி வாய்தா, கடைசியில் 2025 ஜூலையில், பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தச் சாதனமே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். லாரிகளுக்கோ, கூடுதல் அவகாசம் கிடையாது என்று 2018 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது சொன்னதுதான். லாரிக்கு வாய்தா கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சாம்பலை உண்டாக்கும் இடத்துக்குக் காட்டிய தாட்சண்யத்தில் ஒரு பங்கு, அதைச் சுமக்கிறவருக்குக் காட்டினால் என்ன? வாடகையில் டன்னுக்குச் சில ரூபாய் சேர்த்தால் போதும். அந்தச் சில ரூபாய் இல்லாததால்தான் பொய்ப்பெட்டிக்காரருக்கு வியாபாரம் நடக்கிறது.

வண்டி வந்து பதினாலு மாதம் ஆகிறது. இரண்டு தடவை மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு தடவை டிரைவர் அரை மணி பொறுத்திருந்து எரியவிட்டதில் தானே அணைந்தது. இன்னொரு தடவை எழுதிக் கொடுத்த கம்பெனி ஆள் வந்தார். எழுதிக் கொடுத்த நேரத்துக்குள் வரவில்லை, ஆனாலும் வந்தார். ஒரு நடை போயிற்று. தவணை இதுவரை தவறவில்லை. தங்கையின் கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான் இருக்கிறது.

டிரைவர் முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். சென்ற மாதம் நான் போயிருந்தபோது, வண்டியின் புகைக்குழாய் வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றித் துடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலில் ஒன்றும் இல்லை. பழைய டாரஸில் அப்படிச் செய்தால் கை கழுவச் சோப்பு ஒன்று தீர்ந்துவிடும் என்றார். அதைச் சொல்லும்போது, தானே அந்தப் பீங்கானைச் செய்தவர் போல ஒரு பெருமை அவர் முகத்தில்.

மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். டீசல், டிரைவர் படி, சுங்கம், டயர் என்று பழைய வரிசையோடு புதிதாக ஒரு கோடு கிழித்து 'யூரியா' என்று தலைப்பிட்டிருந்தார். பக்கத்தில், வாடகை வரவுச் சீட்டு கிடந்தது. டன், விலை, மொத்தம் என்று மூன்றே கட்டங்கள். நாலாவது கட்டத்துக்கு அதில் நிறைய இடம் இருந்தது.